நான் கேட்டிருக்கக் கூடாத ஒரு கேள்வி



பதிவு கொஞ்சம் நீளம். காபியோ டீயோ எடுத்துக்கொண்டு உட்காருங்கள். நடுவில் கொஞ்சம் பாடமும் வரும். ஓய்வு பெற்று 9 வருடம் ஆகியும் அந்தப் பழக்கம் மட்டும் விடவில்லை.

போன மாதம் என்னிடம் படித்த மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். 2003-ல் பிளஸ் டூ முடித்தவன். அந்த செட்டில் இருந்தவர்கள் யாரென்று கண்டுபிடித்துவிடுவீர்கள். தயவுசெய்து கீழே பெயரைப் போட வேண்டாம். எழுதுவதற்கு அவனிடம் அனுமதி வாங்கிவிட்டேன், பெயர் வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டான்.

இப்போது அவனுக்கு ஒரு நிறுவனத்தில் லினக்ஸ் டிரைவர்களைப் பராமரிக்கும் வேலை. பத்து வருடத்துக்கு மேல் அதே வேலைதான். அன்று என் மைத்துனரும் வீட்டில் இருந்தார். "தம்பி டெவலப்மெண்ட்டா, சப்போர்ட்டா?" என்று கேட்டார். "மெயின்டனன்ஸ் சார். வேற யாரோ எழுதின டிரைவரைப் பாத்துக்கறேன்" என்றான். அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்போ இத்தனை வருஷத்துல சொந்தமா ஒண்ணும் எழுதலையாப்பா?" என்று கேட்டுவிட்டேன்.

சிரித்து மழுப்பினான். கிளம்பும்போது வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "வீட்லயும் இதத்தான் சார் கேக்கறாங்க. வேற வேலை தேடிட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எதைப் பற்றி, யாரிடம் அப்படிக் கேட்டேன் என்பது.

2003-க்குப் போக வேண்டும். வெளிநாட்டில் இருந்த முன்னாள் மாணவர் ஒருவர் பள்ளிக்கு ஒரு பழைய லேப்டாப் கொடுத்தார். இப்போதுபோல நெட்வொர்க் வசதி அதில் உள்ளேயே கிடையாது. பக்கவாட்டில் ஒரு நீளமான வாய் இருக்கும். கிரெடிட் கார்டு அளவில், 5 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு கார்டை அதில் செருகினால்தான் நெட்வொர்க். கார்டு வந்திருந்தது, அதோடு வர வேண்டிய ஃப்ளாப்பி வரவில்லை. ஃப்ளாப்பியில்தான் டிரைவர். அது இல்லாமல் லேப்டாப்புக்குக் கார்டை அடையாளம் தெரியவில்லை. கடைக்காரர் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "புதுசா ஒண்ணு வாங்கிடுங்க சார்" என்றார். பள்ளியில் அதற்கெல்லாம் ஏது நிதி?

இந்தப் பையன்தான் ஒரு சனிக்கிழமை, கணினி இதழ் ஒன்றோடு இலவசமாக வந்த சிடியை எடுத்துக்கொண்டு வந்தான். லினக்ஸ். மதியம் வரை போராடி நிறுவினான். பிறகு கார்டைச் செருகினான். பீப் என்று ஒரு சத்தம், ஒரு நொடி கழித்து இன்னொரு பீப். பையன் குதித்துவிட்டான். அன்று மாலையே லேபில் இருந்த கம்ப்யூட்டருக்கும் இந்த லேப்டாப்புக்கும் கேபிள் போட்டுக் கோப்புகளை அனுப்பிக் காட்டினான்.

"யாரு சார் இதுக்கு டிரைவர் எழுதி வெச்சிருப்பாங்க?" என்று அப்போது கேட்டான். எனக்கு என்ன தெரியும்? "யாரோ புண்ணியவான்ப்பா" என்றேன்.

இருபது வருடம் கழித்து அவனே அந்த வேலைக்குப் போயிருக்கிறான். அவனிடம் போய் "சொந்தமா ஒண்ணும் எழுதலையா" என்று கேட்டிருக்கிறேன்.

உடனே போன் செய்தேன். "தப்பா கேட்டுட்டேன்ப்பா. நீ செய்யற வேலை என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றேன். ஒன்றரை மணி நேரம் சொன்னான். பிறகு நானும் கொஞ்சம் படித்தேன். இந்த வேலையை எல்லோரும், முக்கியமாக அவனுடைய வீட்டில் இருப்பவர்கள், தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

டிரைவர் என்றால் வண்டி ஓட்டுபவர் இல்லை, பெரியம்மா. கம்ப்யூட்டரை ஆளும் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்கும் ஒரு கருவிக்கும் நடுவில் நின்று பேசும் புரோகிராம். கருவியின் மொழி ஒன்று, சிஸ்டத்தின் மொழி வேறு. இரண்டும் தெரிந்த ஆள் நடுவில் இருந்தால்தான் காரியம் நடக்கும்.

நாங்கள் செருகிய கார்டுக்குப் பெயர் பிசி கார்டு. அதற்கு முன்னால் பிசிஎம்சிஐஏ கார்டு என்று, அதை வகுத்த சங்கத்தின் பெயராலேயே அழைத்தார்கள். கம்ப்யூட்டர் துறையின் சுருக்கப் பெயர்களை மனுஷனால் மனப்பாடம் செய்ய முடியாது என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர் என்று ஆங்கிலத்தில் கேலி செய்வார்களாம். சங்கம் தொடங்கியது 1989-ல், முதல் வரையறை வந்தது 1990-ல். முதலில் நினைவகக் கார்டுகளுக்கு மட்டும்தான். 1991-ல் வந்த இரண்டாம் பதிப்பிலிருந்து மோடம், நெட்வொர்க் என்று எல்லாம் அந்தச் சிறு வாய்க்குள் வர ஆரம்பித்தன.

செருகியதும் என்ன நடக்கிறது? ஒவ்வொரு கார்டின் உள்ளேயும் ஒரு சிறு குறிப்பு எழுதப்பட்டிருக்கும். அதை சிஐஎஸ் என்கிறார்கள். என்னைச் செய்தவர் இன்னார், நான் இன்ன வகை, எனக்கு இன்னின்ன வசதி வேண்டும் என்று அது சொல்லும். புதிதாகப் பள்ளியில் சேரும் பிள்ளை கையில் கொண்டுவரும் டி.சி. மாதிரி. சிஸ்டம் அதைப் படித்துச் சரியான டிரைவரைக் கூப்பிடும். அன்று நாங்கள் கேட்ட முதல் பீப், கார்டு யாரென்று தெரிந்துவிட்டது என்பதற்கு. இரண்டாவது, வேலைக்குத் தயார் என்பதற்கு. தயாராக முடியாவிட்டால் இரண்டாவது சத்தம் தாழ்ந்த குரலில் வரும். கார்டு யாரென்றே தெரியாவிட்டால் தாழ்ந்த சத்தம் ஒன்றே ஒன்று.

இதுவரைக்கும் எளிது. "செருகறதுக்கு எழுதறது பாதி வேலைகூட இல்ல சார். கழட்டறதுக்கு எழுதறதுதான் வேலையே" என்றான் அவன்.

பெரிய கம்ப்யூட்டரின் பெட்டிக்குள் இருக்கும் கார்டைக் கழற்ற வேண்டுமானால் கரண்ட்டை நிறுத்தி, திருகாணியைக் கழற்ற வேண்டும். இந்தக் கார்டுக்கு வாய் ஓரத்தில் ஒரு பொத்தான், அவ்வளவுதான். அழுத்தினால் வெளியே வந்துவிடும். வீட்டில் இருக்கும் குழந்தைகூட அழுத்தும். டிரைவரிடம் யாரும் உத்தரவு கேட்க மாட்டார்கள். பாதி வாக்கியத்தில் இருக்கும்போதே எதிரில் இருப்பவர் எழுந்து போய்விட்ட மாதிரி.

வாயைச் செய்தவர்கள் இதை யோசித்தே செய்திருக்கிறார்கள். உள்ளே 68 ஊசிகள் உண்டு. எல்லாம் ஒரே நீளம் இல்லை. மின்சாரம் தரும் ஊசிகள் நீளம் அதிகம். கார்டு இருக்கிறதா என்று பார்க்கும் இரண்டு ஊசிகள் மட்டும் மிகக் குட்டை. செருகும்போது மின்சாரம் முதலில் சேரும், கார்டு வந்துவிட்டது என்ற தகவல் கடைசியில் வரும். கழற்றும்போது தலைகீழ். மின்சாரம் போவதற்குச் சற்று முன்பே, கார்டு போகிறது என்ற தகவல் வந்துவிடும். அந்த இரண்டு குட்டை ஊசிகளையும் எதிரெதிர் ஓரங்களுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். கார்டு கோணலாகச் செருகப்பட்டால் செருகியதாகக் கணக்கில் வராது. இதைக் கேட்டபோது எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை. என்ன அழகான பௌதிகம்!

ஆனால் அந்த அவகாசம் கண்சிமிட்டும் நேரம்தான். அதற்குள் டிரைவர் எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது. அங்கிருந்துதான் தலைவலி ஆரம்பம்.

கார்டு போன பிறகு டிரைவர் அதனிடம் ஒரு கேள்வி கேட்டால் என்ன பதில் வரும்? பதிலே வராது என்றுதான் நான் நினைத்தேன். பொதுவாக எல்லா பிட்டும் 1 என்று வருமாம். தயாரா? ஆம். தகவல் இருக்கிறதா? ஆம். பிழை இருக்கிறதா? அதற்கும் ஆம். வருகைப் பதிவேட்டில் எந்தப் பெயரைக் கூப்பிட்டாலும் பின்பெஞ்சிலிருந்து ஒரே குரல் "உள்ளேன் ஐயா" சொல்லுமே, அது மாதிரி. "நீ வேலையை முடிக்கும் வரை காத்திருக்கிறேன்" என்று ஒரு டிரைவர் கேட்டுக்கொண்டே நின்றால், வேலை நடக்கிறதா என்பதற்கு எப்போதும் ஆம் என்றே பதில் வரும். டிரைவர் கேட்டுக்கொண்டே இருக்கும், கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும். நல்ல டிரைவர் எழுதுபவர் ஒவ்வொரு இடத்திலும், பதில் சொல்வது கார்டுதானா, காலி இடமா என்று சந்தேகப்பட வேண்டும். எத்தனை முறை கேட்பது என்பதற்கும் ஓர் எல்லை வைக்க வேண்டும்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. கார்டு போய்விட்டது, ஆனால் ஏதோ ஒரு புரோகிராம் அதைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறது. கார்டுதான் இல்லையே என்று டிரைவர் தன் நினைவகத்தையெல்லாம் காலி செய்துவிட்டால், அந்தப் புரோகிராம் அடுத்து கைவைக்கும் இடம் வேறு யாருக்கோ சொந்தமாகியிருக்கும். மாணவனுக்கு டி.சி. கொடுத்து அவன் மேசையை வேறொருவனுக்கும் கொடுத்தாயிற்று. பழையவன் வந்து அதே மேசையைத் திறந்து எழுதுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் யார் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசி ஆள் மூடிய பிறகே காலி செய்ய வேண்டும்.

இது ஏட்டளவில் இல்லை, நிஜமாகவே நடந்திருக்கிறது. 2022-ல், லினக்ஸில் வெகுகாலமாக இருந்த பிசிஎம்சிஐஏ டிரைவர்கள் சிலவற்றில், ஸ்மார்ட் கார்டு படிக்கும் கருவிகளுக்கானவற்றில், இதே பிழை பாதுகாப்புக் குறையாக வெளியில் வந்தது. ஒரு புரோகிராம் திறக்கும் அதே நொடியில் ஒருவர் கார்டைப் பிடுங்கினால், விடுவித்துவிட்ட நினைவகத்தில் கை போகும். அத்தனை வருடம் யார் கண்ணிலும் படாமல் அது இருந்திருக்கிறது.

இனி பராமரிப்புக்கு வருகிறேன். நான் "சொந்தமா ஒண்ணும் எழுதலையா" என்று கேட்டேனே, அந்த இடம்.

எங்களுக்கு இரண்டு பீப் கொடுத்த அந்த ஏற்பாட்டை லினக்ஸுக்காக எழுதி, 1990-களில் பல வருடம் பராமரித்தவர் டேவிட் ஹிண்ட்ஸ் என்பவர். அப்போது அது லினக்ஸின் மையமான கெர்னலுக்கு வெளியே தனிப் பொட்டலமாக இருந்தது. கெர்னல் மாறும்போதெல்லாம் இதையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பழைய கெர்னலில் இருப்பவர்களுக்கும் வேலை செய்ய வேண்டும், புதியதில் இருப்பவர்களுக்கும் வேலை செய்ய வேண்டும். 2001 ஜனவரியில் வந்த 2.4 கெர்னலில்தான் இந்த வசதி உள்ளேயே சேர்ந்தது. பிறகு 2005-ல், 2.6.13 கெர்னலில், டொமினிக் ப்ரோடோவ்ஸ்கி என்பவர் முன்னின்று அடிப்படையையே மாற்றினார். எந்தக் கார்டுக்கு எந்த டிரைவர் என்ற பட்டியல் அதுவரை தனிக் கோப்பில் இருந்தது. அது ஒவ்வொரு டிரைவருக்குள்ளும் போனது. அதற்காக அத்தனை டிரைவரையும் தொட வேண்டியிருந்தது. கார்டு செருகியவர்கள் யாருக்கும் இது தெரிந்திருக்காது. தெரியாமல் இருந்ததுதான் அந்த வேலையின் வெற்றி.

இதில் கார்டு செய்தவர்கள் பண்ணும் கூத்து வேறு. உள்ளே இருக்கும் குறிப்பையே தப்பாக எழுதிய கார்டுகள் உண்டு. கார்டைத் திருத்த முடியாது, விற்றாகிவிட்டது. அதனால், இந்தக் கார்டு சொல்வதை நம்பாதே, அதற்குப் பதில் இதைப் படி என்று சரியான குறிப்பைக் கோப்பாக வைத்துக்கொள்ள லினக்ஸில் வசதி செய்தார்கள். பெட்டியின்மேல் அதே பெயர், உள்ளே வேறு சிப் என்று வந்த கார்டுகளும் உண்டு. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் வாங்கி, வேலை செய்யவில்லை என்று எழுத, இன்னொருவர் உட்கார்ந்து காரணம் கண்டுபிடித்து ஒரு வரி சேர்த்திருக்கிறார். எங்கள் பள்ளிக் கார்டுக்கும் அப்படி ஒரு வரி இருந்திருக்க வேண்டும். அந்த ஒரு வரியைச் சேர்த்தவரிடம் அவருடைய மாமா, "சொந்தமா என்ன எழுதினே?" என்று கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்?

ஒரு நெட்வொர்க் கார்டுக்கு முதல் டிரைவரைச் சில மாதத்தில் எழுதிவிடலாம். அது உயிரோடு இருக்க வேண்டியது இருபது வருடம். அந்த இருபது வருடத்தைப் பார்த்துக்கொள்பவரை நாம் "சப்போர்ட்" என்று ஒரு மாற்றுக் குறைவாகச் சொல்கிறோம். கல்யாணத்துக்கு வரன் பார்க்கும்போதுகூட அந்த வார்த்தைக்கு ஒரு எடை வைத்திருக்கிறோம்.

ஒரு எதிர்க் கேள்வி வரும், நானே அவனிடம் கேட்டேன். "செத்துப்போன கார்டுக்கு எதுக்குப்பா இவ்வளவு மெனக்கெடு?" என்று. அவன் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது. எல்லாவற்றையும் கட்டி அழ வேண்டும் என்று அவர்களும் சொல்லவில்லை. 2022-ல் பிழை தெரிய வந்த அந்த டிரைவர்களைத் திருத்த யாராவது முன்வந்தால், சோதித்துப் பார்க்கக் கார்டு வேண்டும், செருகப் பழைய லேப்டாப் வேண்டும். பயன்படுத்துகிறவர்களும் இல்லை. சோதிக்காமல் செய்யும் திருத்தம் புதுப் பிழையைக் கொண்டுவரும். அதனால் 2023-ல் அவற்றைக் கெர்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இதைக் கேட்டுச் சிலர் வருத்தப்படலாம். எனக்கு இது சரியாகத்தான் படுகிறது. யாரும் தண்ணீர் எடுக்காத, கைப்பிடிச் சுவர் இடிந்த கிணற்றை ஊர் கூடி மூடுவதில்லையா? மூடாமல் விட்டால் ஒருநாள் ஆடோ பிள்ளையோ விழும். எதை வைத்துக்கொள்வது, எதை மூடுவது என்று தீர்மானிப்பதும் பராமரிப்புதான். அந்தக் கிணற்றை வருடக் கணக்கில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவருக்குத்தான் அதைச் சொல்லும் தகுதி உண்டு. பழைய நிரல் வரலாற்றுப் பதிவில் அப்படியே இருக்கிறது. நாளைக்கு ஒருவர் கார்டோடும் உழைப்போடும் வந்தால் திரும்பக் கொண்டுவரலாம்.

கழற்றும் பாடமும் அந்தக் கார்டோடு போய்விடவில்லை. 2003-ல் அதே சங்கம் கொண்டுவந்த எக்ஸ்பிரஸ் கார்டு, இப்போது எல்லோரும் செருகிப் பிடுங்கும் யுஎஸ்பி, வெளியிலிருந்து மாட்டும் தண்டர்போல்ட் பெட்டி, எல்லாவற்றுக்கும் அதே கேள்விதான்: நடுவில் பிடுங்கினால் என்ன ஆகும்?

இப்போது என் கருத்துகள். யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் பொறியியல் கல்லூரிகளில் ஆசிரியர்களாக இருக்கும் என் மாணவர்களுக்கு. கடைசி வருட புராஜெக்ட் என்றால் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்கிறீர்கள். மதிப்பெண் போட்ட மறுநாள் அது அலமாரிக்குப் போகிறது. இரண்டு மாணவர்களிடம் மட்டுமாவது, ஏற்கெனவே ஆயிரம் பேர் பயன்படுத்தும் ஒரு டிரைவரைக் கொடுத்து, அதில் கழற்றும் பகுதியைப் படித்து ஒரு பிழையைத் திருத்தச் சொல்லிப் பாருங்கள். அடுத்தவர் எழுதியதைப் பொறுமையாகப் படிக்கக் கற்றுக்கொள்வார்கள். அது பாதிப் படிப்பு.

அடுத்து, கம்பெனிகளில் மேலாளர்களாக இருப்பவர்களுக்கு. வருடக் கடைசியில் மதிப்பீடு எழுதும்போது, இந்த வருடம் புதிதாக என்ன செய்தாய் என்ற கட்டத்துக்குப் பக்கத்தில், இந்த வருடம் எது கெடாமல் பார்த்துக்கொண்டாய் என்று இன்னொரு கட்டம் போடுங்கள். பராமரிப்பவருக்குச் சிப்பின் ஆவணங்களையும் சோதிக்கக் கருவியையும் வாங்கிக் கொடுங்கள். புண்ணியத்தைச் சம்பளமாகக் கொடுக்க முடியாது.

உறவினர்களுக்கு ஒன்றும் சொல்வதற்கில்லை. உங்களைவிட நான்தான் பெரிய தப்பு செய்தேன். முப்பது வருடம் அறிவியல் கண்காட்சி நடத்தினேன். புதிய மாதிரி செய்தவனுக்கெல்லாம் பரிசு வாங்கிக் கொடுத்தேன். வருடம் முழுவதும் லேபில் அம்மீட்டர்களின் ஒயர்களைச் சரிபார்த்து, உடைந்த முனைகளை ஒட்டவைத்து, அடுத்த வகுப்புக்குத் தயாராக வைத்த பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயரையாவது மேடையில் சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை. இதைப் படிக்கும் அந்தப் பிள்ளைகள் என்னை மன்னிக்க வேண்டும்.

அவன் வேலையை விடுவானா, தொடர்வானா தெரியாது. வேறு இடத்தில் கூடுதல் சம்பளம் கிடைத்தால் போகட்டும், அது அவன் உரிமை, குடும்பம் இருக்கிறது. ஆனால் இத்தனை வருடம் ஒன்றும் செய்யவில்லை என்ற எண்ணத்தோடு மட்டும் போகக் கூடாது. அதை அவனிடமும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

பிறகு, "அந்தக் கார்டு இன்னும் இருக்கா சார்?" என்று கேட்டான்.

இருந்தது. லேப்டாப் செத்துப்போன பிறகு அப்போதைய தலைமையாசிரியர் கார்டை என்னிடமே கொடுத்திருந்தார். பீரோவில் பழைய பேனாக்களோடு கிடந்தது.

"இருக்குப்பா. ஞாபகத்துக்கு வெச்சுக்கப் போறியா?" என்றேன்.

"இல்ல சார். டெஸ்ட் பண்ண ஆகும்" என்றான்.

நேற்று கூரியரில் அனுப்பிவிட்டேன்.

அன்புடன்,
உங்கள் பௌதிக ஆசிரியர்